செய்தி யாருக்குப் போகும்?

பால்டிமோர்

அன்புள்ள மீனா,

பதில் எழுதவில்லை என்று நீ திட்டியிருப்பது நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். பையன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான். இவருக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா?

"எங்கள் ஆஸ்பத்திரிக்கும் புது மென்பொருள் வருகிறது, இனிமேல் கேஸ் ஷீட்டைத் தேடி அலைய வேண்டாம்" என்று குதித்து எழுதியிருக்கிறாய். எட்டாம் வார்டு சிஸ்டரம்மாவின் பீரோ சாவிக்கு இனி வேலையில்லை என்று நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் கொஞ்சம் பொறு, போன வாரம் நடந்ததைக் கேள்.

வீடு திரும்பிய நோயாளிகளைப் பின்தொடர்வதுதான் என் வேலை. மேரிலாந்தில் 'கிரிஸ்ப்' என்று ஒரு தகவல் பரிமாற்ற அமைப்பு இருக்கிறது. எங்கள் கிளினிக்கின் நோயாளி இந்த மாநிலத்தில் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தாலும், டிஸ்சார்ஜ் ஆனாலும், எங்களுக்குச் செய்தி வந்துவிடும். திங்கட்கிழமை காலை ஒரு பெரியவரின் பெயர் வந்தது. இதயம் பலவீனமானவர், தனியாக இருப்பவர். வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். போன் செய்தேன். "நன்றாக இருக்கிறேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பக் கூடாது என்று நமக்குப் பயிற்சிக் காலத்திலேயே தெரியுமே! மாத்திரைப் புட்டிகளையெல்லாம் மேசைமேல் வைத்து, ஒவ்வொரு லேபிளாகப் படிக்கச் சொன்னேன். ஒன்றில் ப்யூரோசமைடு, புதிதாகக் கொடுத்தது. இன்னொன்றில் லாசிக்ஸ், வீட்டில் ஏற்கெனவே இருந்தது. பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே நீர் மாத்திரை. மூன்று நாளாக இரண்டையும் விழுங்கியிருக்கிறார்! எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்பதை அப்புறம்தான் சொன்னார். அன்று மதியமே டாக்டர் வரவழைத்து, பழைய புட்டியை நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்தார். பொட்டாசியம் நன்றாகவே இறங்கியிருந்தது. குளியலறையில் விழுந்திருந்தால் கேட்க ஆளில்லை, மீனா.

இதில் கணினி செய்தது ஒரு வரிச் செய்தி அனுப்பியது மட்டும்தான். அந்த ஒரு வரி வருவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது தெரியுமா? 2009-இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு, மருத்துவமனைகளைக் கணினிப் பதிவுக்கு மாறுங்கள் என்று ஆயிரக்கணக்கான கோடி டாலரைக் கொட்டினார்கள். எல்லோரும் மாறினார்கள். ஆனால் ஒரு மருத்துவமனைக்குத் தெரிந்தது பக்கத்து மருத்துவமனைக்குத் தெரியவில்லை; ஃபேக்ஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. சொல்வதால் அவர்களுக்கு என்ன லாபம்? நோயாளி திரும்பி வந்து படுத்தால் மறுபடியும் வருமானம். மேரிலாந்து 2014-இல் மருத்துவமனைகளின் ஆண்டு வருவாய்க்கு முன்கூட்டியே வரம்பு கட்டியது; நோயாளி திரும்பி வந்தால் செலவுதான், கூடுதல் வருமானம் இல்லை. மற்ற மாநிலங்களில், 30 நாளுக்குள் திரும்பி வருவோர் அளவுக்கு மீறினால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 2012 முதல் மருத்துவமனைக்குத் தரும் பணத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பிறகுதான் வீட்டுக்குப் போனவர் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுகிறாரா என்ற கவலை நிர்வாகத்துக்கும் வந்தது. என் வேலை உண்டானதே அப்படித்தான்.

எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. எதற்கும் உதவாத செய்திகளும் வந்து குவிகின்றன. டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

அதனால் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். மென்பொருள்காரர்கள் வரும்போது, நோயாளி டிஸ்சார்ஜ் ஆனவுடன் செய்தி யாருக்குப் போகும் என்று கேள். உங்கள் பக்கத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண்கள் 2021-இலிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கிறார்கள். உங்கள் வார்டில் மருந்தை மாற்றியது அந்தப் பெண்ணுக்குத் தெரியாவிட்டால், அவள் பழைய மாத்திரையைத்தான் கொடுத்துவிட்டுப் போவாள். அவளுடைய கைப்பேசிக்குச் செய்தி போகாத மென்பொருளுக்கு நீ தலையாட்டாதே. விடுதிச் சாப்பாட்டுக்காக டீன் அறைக்கே போய்ச் சண்டை போட்டவள், இதற்கா பேசமாட்டாய்?

மென்பொருள்காரர்களுடன் கூட்டம் எப்போது என்று உடனே எழுது. வீடு திரும்பியவரிடம் போனில் நாங்கள் கேட்கும் கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
கௌரி