அம்மாவின் கணக்கில் இருந்த சின்னச் சின்னப் பிடித்தங்கள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில் எழுத இன்றுதான் நேரம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. வெளிநாட்டில் வேலை கிடைத்த உன் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குத்தான் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, அதனால் அவளுடைய வங்கிக் கணக்கை இப்போது நான் பார்க்கிறேன். ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஏடிஎம் கட்டணம். அம்மாவுக்குக் கையில் நிறையப் பணம் வைத்துக்கொள்ளப் பயம், வாரத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பாள். அவளுடைய வங்கியின் இயந்திரம் தூரத்தில் இருப்பதால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வேறொரு வங்கியின் இயந்திரத்துக்குப் போவாள். மீதி எவ்வளவு என்று பார்த்ததற்கும் பிடித்திருக்கிறார்கள், ஒருமுறை கணக்கில் பணம் போதாமல் ஒன்றும் வராமல் போனதே, அதற்கும் பிடித்திருக்கிறார்கள்! எல்லாவற்றையும் கூட்டினால் அவளுடைய ஒரு மாத மருந்துச் செலவு வருகிறது. சொன்னபோது, "நான் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டேனா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் மனசை விட்டுப் போகவில்லை.

இதெல்லாம் சின்னத் தொகைதானே என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார். ஒரு தடவைக்கு இரண்டு பிடிக்கிறார்கள் என்று வை. ஆயிரம் எடுப்பவனுக்கு அது நூற்றுக்கு இருபது காசு, ஐம்பது எடுப்பவளுக்கு நூற்றுக்கு நான்கு. கையில் காசு குறைவாக இருப்பவர்தான் குறைவாக எடுக்கிறார், அடிக்கடியும் எடுக்கிறார், ஆக அவருக்குத்தான் அடி அதிகம். வசதி இருப்பவர் மொத்தமாக ஒரே தடவையில் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்.

சரி, வங்கிக்கும் செலவு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வேறு வங்கி இயந்திரத்தில் நாம் கார்டைப் போட்டால், நம் வங்கி அந்த இயந்திரக்காரருக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும், அதை இன்டர்சேஞ்ச் என்பார்கள். பணம் நிரப்புவது, இடத்து வாடகை, பழுது பார்ப்பது எல்லாம் அதிலிருந்துதான். ஆனால் 1967 ஜூன் 27 அன்று லண்டனில் என்ஃபீல்ட் கிளையில் பார்க்லேஸ் வங்கி முதல் இயந்திரத்தைத் திறந்ததிலிருந்து, கவுன்ட்டரில் ஆள் உட்கார்ந்து செய்த வேலையை நாமே அல்லவா செய்துகொள்கிறோம்? அந்த மிச்சத்தில் வாடிக்கையாளருக்கும் பங்கு வேண்டும். அமெரிக்காவில் 1996-க்குப் பிறகு இயந்திரக்காரர் தனியாக ஒன்று வாங்க, கார்டு கொடுத்த வங்கியும் தனியாக ஒன்று பிடிக்க, ஒரே பணத்துக்கு இரண்டு கட்டணம் என்று பல இடங்களில் ஆகிவிட்டது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான். 2009 மார்ச்சில் அங்கே விதியை மாற்றினார்கள். எவ்வளவு பிடிப்போம் என்று பணம் எடுப்பதற்கு முன்பே திரையில் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் கட்டணமில்லாமல் விலகலாம். அவ்வளவுதான், ஜனங்கள் தங்கள் சொந்த வங்கி இயந்திரத்தைத் தேடிப் போக ஆரம்பித்துவிட்டார்கள்! கண்ணுக்குத் தெரிந்தால் யாரும் சும்மா கொடுப்பதில்லை. அப்புறம் 2017 செப்டம்பர் 24, ஒரு ஞாயிற்றுக்கிழமை, காமன்வெல்த் வங்கி மற்ற வங்கி வாடிக்கையாளர்களிடம் வாங்கிய இரண்டு டாலர் கட்டணத்தை விட்டுவிடுவதாக அறிவித்ததும், மற்ற மூன்று பெரிய வங்கிகளும் அன்றைக்கே பின்னால் வந்துவிட்டன.

ஆனால் இலவசம் என்று மட்டும் சொன்னால் போதாது, சேகர். பிரிட்டனில் 2018-ல், அங்குள்ள ஏடிஎம்களை ஒன்றோடொன்று இணைக்கும் லிங்க் அமைப்பு இன்டர்சேஞ்ச் தொகையைக் குறைக்க ஆரம்பித்த பிறகு, கட்டுப்படியாகாத பல இலவச இயந்திரங்களை மூடினார்கள், சில கட்டண இயந்திரங்களாக மாறின. பணம் எடுக்கும் வசதியைக் காக்க 2023-ல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. பக்கத்தில் இயந்திரம் இருக்கவும் வேண்டும், அது அம்மா மாதிரி ஆளின் காசைத் தின்னாமலும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அம்மாவின் வங்கிக்கு நேரிலேயே போய்ப் பேசினேன். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், ஆனால் பணம் வராத அந்த ஒரு தடவைக்குப் பிடித்ததைத் திருப்பித் தந்தார்கள். கணக்கில் மீதி எவ்வளவு என்று போனில் பார்த்து அம்மாவுக்குச் சொல்வது இப்போது என் வேலை.

இன்னொன்று, மகளைப் பார்க்க நீ வெளிநாடு போகும்போது, அங்கே இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்து. சரி என்றால் மாற்று விகிதத்தை இயந்திரக்காரரே வைப்பார், அதில் பெரும்பாலும் உனக்குத்தான் நஷ்டம். போவதற்கு முன்னால் உன் மாமியாரின் ஸ்டேட்மென்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
ரகு