திட்டினால் பருப்பு உடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மா 22 வருடம் அண்டி ஆபீசில் தொலி உரித்தவர். எங்கள் மாவட்டத்தில் முந்திரி ஆலையை அப்படித்தான் சொல்வோம். நான் நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் 9 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் வாங்கும் ஏச்சு ஒரு ஆளை என்ன செய்யும் என்று இரண்டு இடத்திலும் பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

வறுத்து, ஓடு நீக்கி, உலர்த்திய பருப்பின் மேல் சிவந்த தொலி ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தியாலும் நகத்தாலும் அதை மெல்ல எடுக்க வேண்டும். முழுப் பருப்புக்குத்தான் நல்ல விலை. இரண்டாகப் பிளந்தால் தரம் இறங்கிவிடும். அம்மாவுக்கு அந்த வேலை கைவந்தது. ஆனால் சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்று, "வெத்தில வச்சு அழைச்சமா உன்ன?" என்று எல்லோர் முன்னாலும் கத்திய நாளில் அவர் தட்டில் உடைசல் கூடும். கை நடுங்கினால் பருப்பு எப்படி முழுசாக வரும்? உடைசல் கூடியதற்கு மறுபடியும் ஏச்சு.

அப்புறம் அது வீட்டுக்கும் வரும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது சாயா டம்ளரைத் தட்டிவிட்டதற்கு அம்மா என்னை ஓங்கி அறைந்தார். கொஞ்ச நேரம் கழித்து அடுக்களைக்குப் போனேன். விளக்குப் போடாமல் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நான் வேலைக்குப் போன பிறகுதான் அந்த அழுகை எனக்குப் புரிந்தது.

ஓர் இரவுப் பணியில், நோயாளியின் சொந்தக்காரர்கள் பார்க்க, ஒரு டாக்டர் கேஸ் ஷீட்டை மேசையில் வீசி, "படிச்சுத்தான் பாஸ் ஆனியா?" என்று கேட்டார். பதில் பேசாமல் அடுத்த படுக்கைக்கு ட்ரிப் மாற்றப் போனேன். சொட்டுகளை எண்ணத் தொடங்கினால் மூன்று தடவையும் எண்ணிக்கை தவறிப்போனது. என் கூட நின்ற ஜூனியர் பெண்ணை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அன்று விடியும்வரை அவள் அந்த டாக்டரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேலை செய்யும் 24 குழுக்களை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2015-ல் வெளியானது. பயிற்சிக்காக ஒரு போலி அவசர நிலை. வெளிநாட்டு நிபுணர் என்று அறிமுகமானவர் சில குழுக்களிடம் மட்டும் மட்டம் தட்டிப் பேசினார். கெட்ட வார்த்தை எதுவும் கிடையாது. அதற்கே அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சையிலும் பின்தங்கின. தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்வதும், உதவி கேட்பதும் குறைந்துபோயின.

திட்டினால்தான் வேலை நடக்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தப்பைச் சொல்லத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. எனக்கு முதலில் வாய்த்த ஹெட் நர்ஸ், "சிஸ்டர், இங்க வாங்க" என்று மருந்து அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் தப்பைச் சொல்வார். கண்டிப்பில் ஒரு துளியும் குறைவிருக்காது. அவர் சொல்லித் திருத்திய தப்பை நான் திரும்பச் செய்ததே இல்லை.

கடைகளில் நின்றே வேலை பார்த்தவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல ஒரு குழு இருக்க வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. ஆனால் தினமும் "எடி", "கழுதை" என்று கேட்டுக்கொண்டு இருப்பவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரிகள் பதிவேடுகளைப் பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் நாலு பெண்களைத் தனியாக அழைத்து, "இங்கே உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள்?" என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
குழித்துறை.