பத்து மாத வீடு: வீட்டுவசதித் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், வாடகை அதிகார அமைப்பில் பதிவு, வாடகை நீதிமன்றம் என்று அதில் உள்ளவை அனைத்தும் தாங்கள் அறிந்தவை. அந்தச் சட்டம் உதகையில் எப்படி வாழ்கிறது என்பதை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

நான் இங்கே ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறை வீட்டின் வாடகை மாதம் 9,000 ரூபாய். ஒப்பந்தம் ஜூன் 1 முதல் மார்ச் 31 வரை. அது என்ன பத்து மாதக் கணக்கு என்று சமவெளியில் இருப்போர் கேட்கக்கூடும். மலையில் இருப்போர் கேட்க மாட்டார்கள். ஏப்ரலும் மே மாதமும் சீசன். அந்த இரண்டு மாதங்களும் அதே இரண்டு அறைகள், எங்கள் சமையல் மேடை உட்பட, நாளொன்றுக்கு 3,500 ரூபாய்க்குச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படுகின்றன.

சென்ற மார்ச் மாதக் கடைசியில் நாங்கள் காலி செய்தோம். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில் இருந்தது. மேட்டுப்பாளையத்தில் என் மைத்துனர் வீட்டு முன்னறையில் ஆறு பேராகத் தங்கி, ஒவ்வொரு தேர்வு நாளும் விடியற்காலைப் பேருந்தில் அவளை ஏற்றி அழைத்து வந்தேன். கல்லாறு தாண்டியதும் தொடங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கு எப்போதும் குமட்டும். ஒரு கையில் பிளாஸ்டிக் பையும் மறு கையில் கணக்குப் புத்தகமுமாகவே அவள் தேர்வுக்குப் போனாள். மூச்சுத் தொல்லை உள்ள என் தாயாருக்குக் கீழே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டைக் காலி செய்த அன்று எங்கள் பீரோவை ஏற்றிய வண்டி, சுற்றுலாப் பயணிகளை வருக வருக என வரவேற்கும் பதாகை ஒன்றின் கீழேதான் நெரிசலில் அரை மணி நேரம் நின்றது. ஜூன் மாதம் அதே வீட்டுக்காரர் அழைத்தார். அதே வீடு, 1,500 ரூபாய் கூடுதல் வாடகை, மீண்டும் பத்து மாதம். வேறு வழியின்றிக் கையெழுத்திட்டேன்.

இதில் சட்டமீறல் எங்கே என்று தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை, ஐயா. வாடகைக் காலம் இரு தரப்பும் ஒப்புக்கொண்டபடி இருக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்று சொல்கிற அதே பிரிவு, வேறு உடன்பாடு இருந்தால் தவிர என்றும் சேர்த்துக்கொள்கிறது. வீடு கிடைக்காத ஊரில், கிடைத்த வீட்டின் வாசலில் நிற்பவர் எந்த உடன்பாட்டைத்தான் மறுப்பார்? நான் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன், முழு மனச் சம்மதத்துடன் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது.

எனவே என் கோரிக்கை இதுதான்: குடியிருப்புக்கான வாடகை ஒப்பந்தத்தின் குறைந்தபட்சக் காலம் பன்னிரண்டு மாதங்கள் என்று சட்டத்திலேயே இருக்க வேண்டும், மலை மாவட்டங்களில் அந்தக் காலம் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் முடிவடையக் கூடாது.

இதை வாடகைதாரரின் ஒருதலைப்பட்சமான புலம்பல் என்று தாங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஒரு வீட்டுக்காரன்தான். கோத்தகிரியில் என் தந்தையார் விட்டுச்சென்ற ஓட்டு வீட்டில் குடியிருப்பவர் ஏழு மாதங்களாக வாடகை தரவில்லை. தெரிந்தவர்தானே என்று ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விட்டது என் தவறு. இப்போது வழக்குக்குப் போனால் எத்தனை முறை மலை ஏறி இறங்க வேண்டும் என்பதை எண்ணித் தயங்கிக்கொண்டிருக்கிறேன். பழைய சட்டத்தின் காலத்தில் குடிவைத்தவரை எழுப்ப ஒரு தலைமுறை ஆகும் என்று பெரியவர்கள் அஞ்சிய அச்சம் இன்னும் போகவில்லை. மூன்று நாள் தங்கிவிட்டுச் செல்லும் பயணியை வீட்டுக்காரர்கள் விரும்புவதற்குப் பணம் மட்டுமே காரணமன்று. அவர் போய்விடுவார் என்ற நிம்மதியும் காரணம். வாடகை பாக்கியைச் சில வாரங்களில் மீட்டுத் தரும் விசாரணை உதகை, குன்னூர், கூடலூர் ஆகிய மூன்று கோட்டங்களிலும் மாதந்தோறும் குறித்த நாளில் நடக்குமானால், பன்னிரண்டு மாதத்துக்குக் குடும்பங்களை வைக்க உரிமையாளர்கள் இவ்வளவு தயங்க மாட்டார்கள் என்றே நம்புகிறேன். பந்தலூரில் இருப்பவர் ஒரு விசாரணைக்காக உதகை வந்து போவதில் ஒரு முழு நாளும் ஒரு நாள் கூலியும் போய்விடுகின்றன.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இங்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். எத்தனை கார்கள் மலை ஏறின என்று அரசிடம் நாள்வாரியாகக் கணக்கு இருக்கிறது. அந்தக் கார்களுக்கு இடம் விட்டு எத்தனை குடும்பங்கள் மலை இறங்கின என்ற கணக்கை யாரும் எடுத்ததாகத் தெரியவில்லை. இறங்குவதற்குப் பாஸ் தேவையில்லை என்பதால் இருக்கலாம். அந்தப் பயணிகளுக்கு மெத்தை விரிப்பவர்களும், கார் ஓட்டுபவர்களும், மருந்து எடுத்துக் கொடுப்பவர்களும் இறங்கியவர்களில்தான் இருக்கிறார்கள்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். பயணிகள் வரக்கூடாது என்று இந்த ஊரில் எவரும் சொல்ல மாட்டார்கள். எங்கள் கடையின் மே மாத விற்பனையும் அவர்களால்தான். குடியிருப்பு ஒப்பந்தத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்ற ஒரு வரியைச் சட்டத்திலோ விதிகளிலோ சேர்க்கவும், பாக்கி வழக்குகளுக்குக் கோட்டம்தோறும் நாள் குறிக்கவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் இப்போதைய ஒப்பந்தம் வரும் மார்ச் 31 அன்று முடிகிறது. என் மகள் அப்போது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இருப்பாள்.

இப்படிக்கு,
உதகையில் பத்து மாதம் குடியிருக்கும் ஒருவன்