கம்போடியாவுக்குப் புறப்படும் மகளுக்கு

பாளையங்கோட்டை,
நவம்பர் முதல் வாரம்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். உன் சுகத்துக்காகவும் வேலைக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

உங்கள் சிங்கப்பூர் சபையின் வாலிபர் குழு டிசம்பரில் கம்போடியாவின் கம்போங் சனாங் ஊருக்கு ஊழியத்துக்குப் போகிற திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாய். இரண்டு தடவை வாசித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால்தான் இந்தக் கடிதம். உன் குழுத் தலைவருக்கும் வாசித்துக் காட்டு. பத்து நாள் ஊழியத்துக்குப் போகிறவர்கள் அந்த ஊர்ச் சபைக்குக் கைத்துணையாகப் போகிறார்கள். வருஷம் முழுக்க அந்த ஜனங்களோடு இருக்கப்போவது அங்குள்ள பாஸ்டர். நீங்கள் விமானம் ஏறிய மறுநாள், நீங்கள் செய்த எதற்காகவும் அவர் ஊருக்குப் பதில் சொல்கிற நிலை வரக்கூடாது.

முதலில் 4-ஆம் நாள். 'அநாதை இல்லப் பிள்ளைகளோடு ஒரு நாள்' என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடச் சொல். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையாலும், படிப்பு கிடைக்குமே என்ற ஆசையாலும் கொண்டுவந்து விட்டவர்கள்தான் அதிகம். வெளிநாட்டுக் குழுக்கள் வந்து கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக் காணிக்கை கொடுக்கக் கொடுக்க, இல்லத்தை நிரப்பி வைக்கவே சிலர் பிள்ளைகளைத் தேடிப் போகிறார்கள். பிள்ளைக்கும் அது கேடு. வாரம் ஒரு புது அக்கா வந்து மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டுக் காணாமல் போனால், அந்தக் குழந்தை முன்பின் தெரியாத யாரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளப் பழகிவிடும். பார்க்க அன்பு போல இருக்கும். உள்ளே அது காயம். அந்த நாளை வீடு வீடாக முதியோரைப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். கம்போங் சனாங் பக்கத்து இளந்தாய்மார் பலர் கார்மென்ட்ஸ் வேலைக்கோ தாய்லாந்துக்கோ போய்விட, பேரப்பிள்ளைகளைப் பாட்டிமாரே வளர்க்கிறார்கள். அந்தப் பாட்டியின் கை ஓயாமல் பார்த்துக்கொண்டால் பிள்ளை வீட்டிலேயே வளரும். பிள்ளைகளுக்கான ஊழியம் அங்கே பாட்டியிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

முதியோருக்குக் கிட்டத்தில் பார்க்க உதவுகிற மூக்குக்கண்ணாடி வாங்கப் பணம் சேர்த்திருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம், ஆனால் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று எடுத்துக் கொடுத்தால் வீணாகிவிடும். அறுபது பேருக்கு எழுபது கண்ணாடி வேண்டும்: +1.00 பவரில் 5, +1.50-இல் 10, +2.00-இல் 15, +2.50-இல் 20, +3.00-இல் 15, +3.50-இல் 5. முடிந்தால் தலைநகர் புனோம் பென்னிலேயே பாஸ்டரை வாங்கச் சொல்லுங்கள். நாளைக்கு ஒன்று உடைந்தால் எந்தக் கடை, என்ன விலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

சோதிக்கிற விதம் இது. பகல் வெளிச்சம் அவர்கள் தோளுக்குப் பின்னாலிருந்து விழுகிற மாதிரி உட்கார வை. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்கு எழுத்து தெரியாது, அதனால் எழுத்து அட்டையை நம்பாதே. ஊசியும் நூலும் கொண்டு போ. ஒரு சின்னச் சுளகில் கைப்பிடி அரிசி போட்டு நாலைந்து கல்லைக் கலந்து வை. முகத்திலிருந்து 40 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்க்கச் சொல். ஐம்பது வயதுக்காரருக்கு +1.50-இலும் அறுபதைத் தாண்டியவருக்கு +2.00-இலும் ஆரம்பி. நூல் கோக்க வந்துவிட்டதா, கல்லைப் பொறுக்கிவிட்டார்களா, அதோடு நிறுத்திக்கொள். எந்தக் குறைந்த பவரில் வேலை நடக்கிறதோ அதுதான் சரியான பவர். இன்னும் பளிச்சென்று தெரிகிறதே என்று ஏற்றிக் கொடுத்தால் பொருளை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டிவரும்; தலைவலியும் கிறுகிறுப்பும் கூட வரும், மூன்றாம் நாளே கழற்றிப் பரணில் வைத்துவிடுவார்கள்.

இதில் பெரிய ஆபத்து வேறொன்று. அங்கே வீடுகள் உயரமான மரக்கால்மேல் நிற்கும், ஏறி இறங்க ஏணிப்படி. கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டே படி இறங்கினால் கால் தப்பும். 'உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மட்டும், எழுந்தால் கழற்றிவிடுங்கள்' என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து ஒவ்வொருவருக்கும் சொல்லி, ஒரு தடவை செய்து காட்டச் சொல். கழுத்தில் தொங்கவிட ஒரு கயிறும் கட்டிக் கொடு. எந்தப் பவரிலும் தெரியவில்லை, கண்மணி வெள்ளையாய் மங்கியிருக்கிறது, வெயிலில் கண் கூசுகிறது என்றால் புரையாக இருக்கலாம். அதற்குக் கண்ணாடி உதவாது. பேரை எழுதி பாஸ்டரிடம் கொடுத்து, மாகாண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வண்டிச் செலவைக் குழுப் பணத்தில் ஒதுக்கி வையுங்கள். கண் சிவந்து கடும் வலி என்றால் அன்றைக்கே போகவேண்டும்.

ரத்த அழுத்தம் பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் உள்ளூர்ச் சுகாதார மையத்து ஆட்கள் கூட இருந்தால் மட்டும். மெஷின் இருக்கிறது என்று நீங்களாகப் பார்க்கவேண்டாம். எண் கூடுதலாக வந்தால் அந்தக் கிழவி ராத்திரி முழுக்கப் பயந்து கிடப்பாள், நீங்களோ ஊரில் இருக்கமாட்டீர்கள்.

பாயிலிருந்து ஒருவரை எழுப்பும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்காதே. தோள் மூட்டு விலகும், உன் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். முதலில் ஒரு தாழ்ந்த ஸ்டூலில் உட்காரவை. இரண்டு பாதத்தையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கச் சொல். மூக்கு கால்விரலுக்கு நேரே வருகிற அளவு முன்னால் சாயட்டும். அவர்கள் பாஷையில் 'மூய், பீ, பெய்' (ஒன்று, இரண்டு, மூன்று) என்று எண்ணு, மூன்றில் அவர்களே எழுந்துவிடுவார்கள். நீ முழங்கையைத் தாங்கினால் போதும். எழுந்தவுடன் நடத்தாமல் கொஞ்சம் நிற்கவிடு.

அறுபது தாண்டிய யாரைப் பார்த்தாலும் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். 1975 ஏப்ரல் 17-இல் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை புனோம் பென்னைப் பிடித்தது. 1979 ஜனவரி 7 வரை அந்த ஆட்சி. பட்டினியிலும் நோயிலும் கொலையிலும் ஏறக்குறைய 17 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். அன்று பத்து வயதாய் இருந்த பிள்ளை இன்று உன் எதிரே உட்கார்ந்திருக்கிற பாட்டி. 'உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர்' என்று நம் ஊர் வழக்கப்படி விசாரிக்காதே. அவர்களாகச் சொன்னால் கையைப் பிடித்துக்கொண்டு கேள். இடையில் ஜெபத்தை ஆரம்பித்துப் பேச்சை முடித்துவிடாதே, சாட்சிக்கு என்று போனில் பதிவும் செய்யாதே. உங்கள் குழு டி-ஷர்ட் கறுப்பு என்று படத்தில் பார்த்தேன். அந்தக் காலத்தில் ஜனங்கள் எல்லாரையும் கறுப்பு உடைதான் உடுத்த வைத்தார்கள். வேறு நிறம் அடித்துக்கொள்ளுங்கள், வெயிலுக்கும் நல்லது. தட்டில் சோற்றை மீதி வைக்காதே.

இனி ஒரு காரியம், நம் ஆட்கள் தெரியாமல் செய்கிற தவறு இதுதான். தலையில் கைவைத்து ஜெபிக்காதே. அங்கே தலை சரீரத்தில் மிகவும் மரியாதைக்குரிய இடம். பெரியவர் தலையைத் தொடுவது அவமதிப்பு. பிள்ளைகள் தலையைத் தடவுவதையும் பலர் விரும்பமாட்டார்கள். நமக்கு ஆசீர்வாதமாகப் படுவது அவர்களுக்கு வேறாகப் படும். உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு ஜெபி, அதற்கும் முன்னால் கேட்டுக்கொள். காலை நீட்டி உட்காராதே, இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்துக்கொள். எதைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால்.

கும்பிடு நமக்குப் பழக்கம்தான். அங்கே அதற்கு 'சம்பேயா' என்று பேர், உயரக் கணக்கு உண்டு. சம வயதுக்காரருக்கு நெஞ்சளவு, வயதில் மூத்தவருக்கு வாயளவு, பாட்டி தாத்தாவுக்கும் ஆசிரியருக்கும் மூக்களவு. 'சும்ரியாப் சுவோ' என்று சொல்லிக் கும்பிடு. பாட்டியை 'யெய்', தாத்தாவை 'தா' என்று கூப்பிடு. 'ஞாம் பாய் ஹாய் நௌ?' என்று கேட்டால் 'சோறு சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம், நம்மைப்போலவே அவர்களும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பிள்ளைகள் உன்னை 'நெஅக் க்ரூ' என்பார்கள், டீச்சர் என்று. அந்தக் 'க்ரூ' நம்முடைய குருதான். அவர்கள் பாஷையான கெமரின் எழுத்தே பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது. பெயர்ப்பலகைகளை உற்றுப் பார், அந்த வளைவுகள் உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது வி.பி.எஸ்., பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. அங்கே பல பள்ளிகளில் ஒரு பங்கு பிள்ளைகள் காலையிலும் மறு பங்கு மத்தியானத்திலும் படிக்கிறார்கள். அதனால் ஒரே நிகழ்ச்சியைக் காலையில் ஒரு கூட்டத்துக்கும் மத்தியானம் ஒரு கூட்டத்துக்கும் இரண்டு தடவை நடத்தத் தயாராகப் போங்கள். நாற்பது பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஆளுக்கு இரண்டு தம்ளர் வீதம் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று ஒரு கூட்டத்துக்குச் சரியாக இருக்கும். மிட்டாய் வேண்டாம், அவித்த முட்டையும் வாழைப்பழமும் கொடுங்கள். பலூன் வேண்டவே வேண்டாம், வெடித்த துண்டைச் சின்னப் பிள்ளை வாயில் போட்டு மூச்சடைக்கும். மெழுகுக் கலர் வெயிலில் இளகிவிடும், கலர் பென்சிலும் துருவியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை மொழிபெயர்த்துத்தான் போகும். பதினைந்து நிமிஷக் கதை என்றால் உனக்கு ஏழு நிமிஷம்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்து, பாதி வாக்கியத்தில் நிறுத்தாதே. எழுதியதை இரண்டு வாரத்துக்கு முன்பே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பு. காணாமற்போன ஆட்டுக் கதையைப் போட்டிருக்கிறாய். அந்தப் பிள்ளைகள் மாடும் எருமையும் மேய்க்கிறவர்கள், செம்மறி மந்தையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பேதுருவின் வலைக் கதையை எடு. தொன்லே சாப் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு வலை என்ன, வெறும் வலை என்ன, ராத்திரி முழுக்க மீன் படாவிட்டால் வீட்டில் என்ன என்று உன்னைவிட நன்றாகத் தெரியும். கதை சொல்வதை அவர்களே முடித்துவிடுவார்கள். பாட்டும் ஆக்‌ஷனும் உள்ளூர் வாலிபர்கள் நடத்தட்டும், நீங்கள் பின்னால் உட்கார்ந்து சேர்ந்து பாடுங்கள்.

எந்தப் பிள்ளையோடும் எந்த அறையிலும் நீ தனியாக இருக்கக்கூடாது. பாத்ரூமுக்கு உள்ளூர் அக்கா ஒருத்தி கூட்டிப்போவாள், நீ வாசலில் நில். மடியில் உட்கார வைக்காதே, பக்கத்தில் உட்காரட்டும். பெயரட்டை தெரிகிற படமோ முகம் மட்டும் தெரிகிற படமோ எடுக்காதே, பேஸ்புக்கில் போடாதே, போன் நம்பர் கொடுக்காதே. முதல் நாளே ஒரு தாளில் நாளுக்கொரு கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டி, தினம் ஒன்றை அடித்துவிடுங்கள். நீங்கள் எந்த நாளில் போவீர்கள் என்று பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியட்டும். 'அடுத்த வருஷம் வருவேன்' என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர்கள் காத்திருப்பார்கள்.

சட்டம் ஒன்று தெரிந்துகொள். அங்கே பௌத்தமே அரச மதம். வீடு வீடாகப் போய் மதப் பிரசங்கம் செய்யவும், பணமோ பொருளோ காட்டி மதம் மாறச் சொல்லவும் தடை. துண்டுப் பிரதிகளை ஆலயத்துக்கு உள்ளேதான் கொடுக்கலாம். ஆகவே அரிசிப் பொட்டலத்தோடு துண்டுப் பிரதியைச் சேர்த்து வைக்காதீர்கள். சபைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் என்றில்லாமல், ஊர்த் தலைவரிடம் சொல்லி, வறியவர் பட்டியல்படி கொடுங்கள். 10 கிலோ மூட்டையைக் கிழவி தூக்கமாட்டாள், 5 கிலோவாகக் கட்டி வீட்டில் கொண்டு போய் வையுங்கள். விசா எந்த வகை வேண்டும் என்று சபை மூலம் இப்போதே கேட்டுவிடுங்கள், சுற்றுலா விசாவில் போய்ச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஊசிக்கு நாளாகும்: ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியில் ஒரு வகைக்கு இரண்டு தவணை, நடுவே வழக்கமாக 28 நாள். நாய்க்கடித் தடுப்பூசி முன்கூட்டியே போட்டால் இரண்டு தவணை, 0-ஆம் நாளும் 7-ஆம் நாளும். அதனால் இந்த வாரமே டாக்டரைப் பார். நாயோ குரங்கோ கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே நாய்க்கடிக்கு ஊசி போடுகிற புனோம் பென் பாஸ்டியர் (Pasteur) இன்ஸ்டிடியூட்டுக்குப் புறப்படு. சுமார் 90 கிலோமீட்டர்தான், 5-ஆம் நம்பர் நெடுஞ்சாலை நேரே போகிறது. முன்னால் ஊசி போட்டிருந்தாலும் போகத்தான் வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் புருஃபெனும் ரத்தக் கசிவை உண்டாக்கும். பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நடக்காதே. துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதே, போர்க்காலத்து வெடி இன்னும் கிடக்கிறது.

கம்போங் சனாங் என்றால் பானைத் துறை என்று அர்த்தம். மண்பானை செய்கிற ஊர். வருகிறபோது எனக்குக் கையடக்கமாக ஒன்று வாங்கி வா, செய்கிற அம்மாவிடமே வாங்கு, பேரம் பேசாதே.

அப்பா அன்பு சொல்லச் சொன்னார்கள். 4-ஆம் நாளை மாற்றியாயிற்றா என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா