மனுவுக்குப் பதில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய மாணவர்களுக்குச் சமூக அக்கறை குறைந்துவிட்டது, பொதுக் காரியங்களில் ஈடுபாடே இல்லை என்று எல்லோரும் வருத்தப்படுகிறார்கள். கைபேசியைப் பிடுங்கிவிட்டுப் பாடத்திட்டத்தில் இன்னொரு பாடம் சேர்த்தால் சரியாகிவிடும் என்பது பலருடைய யோசனை. இருபத்தாறு வருடம் சமூக அறிவியல் நடத்தியவள் நான். பிள்ளைகளுக்கு அக்கறை நிறையவே இருக்கிறது. அவர்கள் கேட்பதற்குத்தான் நாம் பதில் சொல்வதில்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிலர் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்கள். கழிப்பறைக் கதவு இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை, சரிசெய்து தாருங்கள் என்று மரியாதையாக எழுதி, முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதை அலுவலகத்தில் கொடுத்தேன். அது ஒரு கோப்புக்குள் போனது. பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் "சொல்லியிருக்கிறேன்" என்றேன். இரண்டு வாரம் கேட்டார்கள், அப்புறம் விட்டுவிட்டார்கள். அதே மாதத்தில்தான் குடிமக்களின் உரிமைகள் என்ற பாடத்தை நான் நடத்தினேன். தேர்வில் எல்லோரும் நன்றாக எழுதினார்கள். மனுவில் முதல் கையெழுத்துப் போட்ட பெண் மட்டும் அதன்பிறகு வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மனு கொடுத்தால் எதுவும் நடக்காது என்ற பாடத்தை அவளுக்கு நடத்தியவள் நான்தான். இத்தனை வருடம் கழித்தும் அது மனதை அறுக்கிறது.

ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் பொதுக் காரியங்களில் பிள்ளைகள் பங்கெடுப்பதை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். யுனிசெஃப் 1992இல் அதை வெளியிட்டது. பெரியவர்கள் தம் காரியத்துக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒரு பிள்ளையை மேடையேற்றுவது ஆகிய கீழ்ப்படிகள் மூன்றையும் பங்கேற்பு என்றே அவர் கணக்கில் எடுக்கவில்லை. நாம் பள்ளிகளில் செய்வதில் எவ்வளவு இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் எழுதிக் கொடுத்த உறுதிமொழி, யாரோ அச்சடித்த பதாகையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஊர்வலம், நல்ல மதிப்பெண் வாங்குவதாலேயே தலைவர் ஆகிவிட்ட பிள்ளை. மாணவர் மன்றம் என்று ஒன்று இருக்கும். ஆனால் எதையும் முடிவு செய்யும் உரிமை அதற்கு இருக்காது.

பல வருடம் கழித்து வேறொரு பள்ளியில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் குடிநீர்க் குழாய் நான்கு ஒழுகுவதாகச் சொன்னார்கள். இந்த முறை நான் மனுவை வாங்கிக்கொள்ளவில்லை. "எவ்வளவு ஒழுகுகிறது?" என்று கேட்டேன். மறுநாள் ஒரு லிட்டர் பாட்டிலும் கடிகாரமுமாகக் குழாயடியில் உட்கார்ந்துவிட்டார்கள். மோசமான குழாய்க்கு அடியில் வைத்த பாட்டில் இருபது நிமிடத்தில் நிரம்பியது. மணிக்கு மூன்று லிட்டர், நாளுக்கு எழுபத்திரண்டு. ஒரு பையன் அந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "ராத்திரியிலும் ஒழுகுமே டீச்சர், அதையும் சேர்த்துத்தானே?" என்று கேட்ட முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கணக்கை இணைத்துத் தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். ஒன்பதாம் நாள் அவரே வகுப்புக்கு வந்தார். கரும்பலகையில் பராமரிப்புப் பணம் எவ்வளவு இருக்கிறது, எதற்கெல்லாம் போகிறது என்று எழுதிக் காட்டி, இந்தப் பருவத்தில் இரண்டு குழாயைத்தான் மாற்ற முடியும் என்றார். எந்த இரண்டு என்பதை நீங்களே சொல்லுங்கள் என்றும் கேட்டார். அதிகமாக ஒழுகுவதா, சின்னப் பிள்ளைகள் குடிக்கும் குழாயா என்று அந்த வகுப்பில் நடந்த சண்டையைப் போல ஒரு விவாதத்தை நான் எந்தப் பாடத்திலும் பார்த்ததில்லை.

அவர்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனாலும் மனம் விட்டுப்போகவில்லை. காரணம் சொல்லி மறுத்தால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள், அடுத்த கேள்வியோடு திரும்பி வருவார்கள். அவர்களை ஒடுங்கிப்போகச் செய்வது மௌனம்தான். ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவும், தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. பேசவிடுவதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இதைத் துணிந்து செய்தவர்கள் உண்டு. போலந்தின் மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக், வார்சாவில் தாம் நடத்திய அநாதை இல்லத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் வைத்திருந்தார். நீதிபதிகளும் பிள்ளைகளே. ஆசிரியர்மீதும் வழக்குத் தொடுக்கலாம். கோர்ச்சாக்கே அங்கே குற்றம் சாட்டப்பட்டு நின்றிருக்கிறார். அந்த நீதிமன்றத்தின் சட்டத் தொகுப்பில் தண்டனையைவிட மன்னிப்புக்குத்தான் இடம் அதிகம். நார்வேயில் தேர்தல் வரும்போது மேல்நிலைப் பள்ளிகளில் மாதிரித் தேர்தல் நடக்கிறது. கட்சிகளின் இளைஞர் பிரிவினர் பள்ளிக்கே வந்து வாதிடுகிறார்கள், மாணவர்கள் கேள்வி கேட்டுவிட்டு வாக்களிக்கிறார்கள், முடிவு நாடு முழுக்க வெளியாகிறது.

சேவை நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. கனடாவின் ஒன்டாரியோவில் பள்ளி முடிக்க 40 மணி நேரச் சமூகப் பணி வேண்டும், அமெரிக்காவின் மேரிலாந்தில் 75 மணி நேரம். இதில் நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். வீட்டை விட்டு வெளியே வராத பிள்ளை ஒரு முதியோர் இல்லத்துக்குள் கால் வைப்பதே பெரிய விஷயம். ஆனால் மணிக்கணக்கு மட்டும் பார்த்தால் அது கையெழுத்து வாங்கும் வேலையாகிவிடும். திரும்பி வந்த பிள்ளையிடம் "அந்தப் பாட்டியை ஏன் யாரும் பார்க்க வருவதில்லை? அதற்கு யார் என்ன செய்யலாம்?" என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால்தான் சேவை குடிமைக் கல்வியாக மாறும்.

பள்ளிக்குள் அரசியல் நுழைந்துவிடுமே என்ற பயம் எனக்குப் புரிகிறது. கட்சிக்கு ஆள் பிடிக்கும் இடமாகப் பள்ளி ஆகக் கூடாது, ஆசிரியர் தம் கட்சியை வகுப்பில் திணிக்கக் கூடாது. ஆனால் கேள்விக்குக் கதவடைத்தால் கேள்வி நின்றுவிடாது. 1951 ஏப்ரலில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஃபார்ம்வில் ஊரில், பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி தன் பள்ளியில் வேலைநிறுத்தம் நடத்தினார். கறுப்பின மாணவர்களுக்கான அந்தப் பள்ளியில் இடம் போதாமல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. பெற்றோர் பலமுறை கேட்டும் கல்வி வாரியம் இழுத்தடித்துக்கொண்டே இருந்தது. அந்த மாணவர்கள் தொடங்கிய வழக்கு, 1954இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பான ஐந்து வழக்குகளில் ஒன்று. பார்பராவை நான் கொண்டாடுகிறேன். ஒரு கட்டடம் கேட்க ஒரு பிள்ளை அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்ததே என்று வேதனையும் படுகிறேன்.

இன்னொன்று, எந்த மன்றம் வைத்தாலும் பேசுகிற ஐந்தாறு பிள்ளைகளேதான் முன்னால் வருவார்கள். கடைசி பெஞ்சில் இருப்பவர்களையும் இழுக்க நாங்கள் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பழைய ஏதென்ஸ் நகரத்திலும் ஐந்நூறு பேர் கொண்ட மன்றத்துக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில்தான் எடுத்தார்கள். எங்கள் குலுக்கலில் வாயே திறக்காத ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மூன்றாவது கூட்டத்தில் அவள்தான் நூலகம் மதிய இடைவேளையில் பூட்டிக்கிடப்பதை எழுப்பினாள்.

பள்ளிகளிடம் நான் கேட்பது ஒரு நோட்டு மட்டும்தான். ஆசிரியர் அறைக்கு வெளியே, எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் அது இருக்கட்டும். தேதி, கேள்வி, பதில் சொல்லவேண்டியவர், பதில், பதில் வந்த தேதி என்று ஐந்து கட்டம் போடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. குழாய்க் கடிதத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியில் அப்படி ஒன்று வைத்தோம். நான் ஓய்வு பெற்ற அன்று அதைக் கடைசியாகப் புரட்டிப் பார்த்தேன். 'மழை நாளில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வது ஏன்?' என்று யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள். பதில் கட்டத்தில், இனி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதிக் கணக்கு டீச்சர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியை