திரும்பி வந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கதை அனுப்பிவிட்டுக் காத்திருந்து, ஒன்றிரண்டு திரும்பியதுமே ‘நமக்கு எழுத வராது’ என்று முடிவு கட்டிவிடும் பிள்ளைகளைக் காட்பாடி, குடியாத்தம் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கதை அந்த வடிவத்தில் அந்தப் பத்திரிகைக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதானே?

நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும், தொழுநோயால் உணர்ச்சி போன கால்களில் புண் வராமலிருக்க எத்தனையோ விதச் செருப்புகளைச் செய்து பார்த்து, சரிவராததை ஒதுக்கி, கடைசியில்தான் மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்கிற மெத்தென்ற ரப்பருக்கு வந்தார்கள். சரிவராத செருப்பும் ஏதோ ஒன்றைச் சொல்லியிருக்கும்.

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம் கதையில் மாற்றியது, வலப்பக்கம் நடந்தது. ‘பாலாற்று வர்ணனையை அடித்துவிட்டு, மண்டித் தெருவில் வாடகைக்காக நடக்கும் சண்டையில் ஆரம்பித்தேன்’ என்று ஒரு பக்கம். எதிரே, ‘திரும்பியது, முடிவு சப்பென்று இருக்கிறதாம்.’ சரி, அடுத்த தடவை முடிவை மட்டும் மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. (இதற்காக வீட்டில் வாங்கும் கிண்டல் தனிக்கதை.)

உங்களிடம் ஒரு கோரிக்கை. பக்கம் பக்கமாக விமர்சனம் வேண்டாம், அதற்கு நேரமிருக்காது என்று தெரியும். ‘நீளம்’, ‘பழைய கரு’ என்று ஒரு வார்த்தை எழுதித் திருப்பினால் போதும், எங்கள் நோட்டில் வலப்பக்கம் நிரம்பும்.

- ஒரு வாசகர், காட்பாடி