மேசை மேல் புத்தகம்: எதிர்விசை எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒவ்வொரு விசைக்கும் சமமான, எதிர்த்திசையிலான ஓர் எதிர்விசை உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் மேசை மேல் இருக்கும் புத்தகத்தைத்தான் பலரும் காட்டுகிறார்கள். புத்தகத்தின் எடை விசையாம். மேசை அதை மேலே தள்ளுவது எதிர்விசையாம். தேர்வுக் கையேடுகளிலும் இப்படியே வருகிறது. இது தவறு. அந்த இரண்டு விசைகளும் ஒரே புத்தகத்தின் மீது செயல்படுகின்றன. விசையும் எதிர்விசையும் எப்போதும் இரு வேறு பொருள்கள் மீதுதான் செயல்படும்.

பூமி புத்தகத்தை இழுக்கிறது. அதற்கு எதிர்விசை, புத்தகம் பூமியை இழுப்பது. மேசை புத்தகத்தைத் தள்ளுகிறது. அதற்கு எதிர்விசை, புத்தகம் மேசையைத் தள்ளுவது. வாக்கியத்தில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றிப் போட்டாலே ஜோடி கிடைத்துவிடும். ஈர்ப்புக்கு ஈர்ப்பு, தொடுவிசைக்குத் தொடுவிசை, வகை மாறாது.

அசையாத மேசையில் எடையும் மேசையின் விசையும் சமமாக இருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். அதே மேசையை லிஃப்டுக்குள் வைத்துப் பாருங்கள். லிஃப்ட் 2 மீ/வி² முடுக்கத்தில் மேலே கிளம்பும்போது 1 கிலோ புத்தகத்தின் எடை 9.8 நியூட்டன்தான், மேசை தள்ளும் விசையோ 11.8 நியூட்டன். அந்தச் சமம் போய்விட்டது. ஆனால் புத்தகம் மேசையை அழுத்துவதும் அதே 11.8 நியூட்டன்தான். இந்தச் சமம் லிஃப்ட் எப்படி ஓடினாலும் பிசகாது.

வகுப்பில் இதைக் கண்ணால் காட்ட ஒரு சுருள்வில் தராசும் கடைகளில் உள்ள டிஜிட்டல் தராசும் போதும். பாதியளவு தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தை டிஜிட்டல் தராசில் வைத்து அளவை 0 ஆக்குங்கள். சுமார் 270 கிராம் கருங்கல்லை நூலில் கட்டி, சுருள்வில் தராசில் தொங்கவிட்டு, தண்ணீரில் முழுதாக மூழ்கும்படி மெல்ல இறக்குங்கள். மேலே 270 என்பது ஏறத்தாழ 170 ஆகக் குறையும்; கீழே 0 என்பது ஏறத்தாழ 100 ஆக உயரும். கல் பாத்திரத்தைத் தொடவே இல்லையே, பின் எடை ஏன் கூடியது என்று பிள்ளைகள் கேட்பார்கள். தண்ணீர் கல்லை மேலே தள்ளுகிறது, கல் தண்ணீரை அதே அளவு கீழே தள்ளுகிறது என்பதை அப்போதுதான் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் சோதனையின் பயன் பாதி போய்விடும்.

தண்ணீர் ததும்பித் தராசுக்கு வெளியே சிந்தினால் கணக்கு உதைக்கும். கல் அடியில் தட்டினாலும் இரு மாற்றங்களும் சமமாகவே இருக்கும். ஆனால் பாத்திரத்தின் அடி கல்லைத் தாங்கும் விசையும் அதில் சேர்ந்துவிடும், தண்ணீர் கல்லை மேலே தள்ளும் மிதப்பு விசை தனியாகத் தெரியாது. சுருள்வில் தராசின் ஒரு கோடு எத்தனை கிராமோ அந்த அளவுக்கு வித்தியாசம் வருவது இயல்பு.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். விதியை எழுதச் சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு படத்தைக் கொடுத்து, ஒவ்வொரு விசையையும் எந்தப் பொருள் எந்தப் பொருளின் மீது செலுத்துகிறது என்று கேளுங்கள். மதிப்பெண்ணை அதற்கே கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்